துப்பும் உரிமை

ஊர் ஊராகப் போய்ப் புதுச் சாப்பாட்டை ருசி பார்க்கும் காணொளிகளுக்கு இன்று ஒரு வாய்ப்பாடே உருவாகிவிட்டது. வண்டி நெடுஞ்சாலையை விட்டு மண்பாதையில் இறங்கும். ஓலைக்கூரையின் கீழே ஓர் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருப்பார். வந்தவர், பெரும்பாலும் ஆண், தட்டைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டிவிட்டு முதல் வாயை எடுத்து வைப்பார். கேமரா அவர் முகத்தை நெருங்கும். புருவம் ஏறும், கண் விரியும், ஒரு நொடி அமைதி. அப்புறம் "வேற லெவல்!" அந்த முகத்துக்காகத்தான் மொத்தப் படமும் எடுக்கப்பட்டிருக்கும். அடுப்பை ஊதிய அம்மாவின் பெயரை நாம் கேட்டிருக்கவே மாட்டோம்.

தெரியாத ஊரின் சோற்றைத் தின்று பார்ப்பதில் எனக்கு எந்த விரோதமும் இல்லை. வீட்டுச் சமையலுக்கு அப்பால் ஒரு ருசி உண்டு என்று தெரிந்துகொள்வது நல்ல படிப்பு. ஆனால் ஓர் உணவை 'விசித்திரமானது' என்று சொல்பவர் எங்கே நின்று அதைச் சொல்கிறார்? பிடிக்காவிட்டால் துப்பிவிட்டு வண்டியேறிப் போகும் வசதி யாருக்கு இருக்கிறது? பனியன் கம்பெனிகளின் ஊரான திருப்பூரில் இருந்துகொண்டு இந்தப் படங்களைப் பார்க்கும்போது இந்த இரண்டு கேள்விகளையும் தள்ளிவைக்க முடியவில்லை. இங்கே பல மாநிலத்துப் பெண்கள் தினமும் மூன்று வேளை அந்நியச் சோறு தின்கிறார்கள். அதை யாரும் படம்பிடிப்பதில்லை.

இந்த வகைப் படங்களின் பெரிய முன்னோடி ஆண்ட்ரூ சிம்மர்ன். அமெரிக்க டிராவல் சேனலில் 2007 முதல் தொடராக வந்த அவருடைய நிகழ்ச்சியின் பெயரே 'பிசார் ஃபுட்ஸ்', அதாவது விசித்திர உணவுகள். 2010இல் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய தொடரில் சமையல் நட்சத்திரம் கார்டன் ராம்சே இந்தியா முழுக்கச் சுற்றினார். சத்தீஸ்கரின் பஸ்தர் காட்டுப் பக்கம் போய்ச் செவ்வெறும்புச் சட்னி தின்றார். அதன் பிறகு அந்தச் சட்னியைப் பற்றி யார் எழுதினாலும் 'ராம்சே சாப்பிட்ட சட்னி' என்று தொடங்குவது வழக்கமாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாக அதை அரைத்த கைகளுக்குக் கிடைக்காத முகவரி, ஒரே ஒரு வாய் தின்றவரின் பெயரால் கிடைத்தது.

பெல் ஹூக்ஸ் 1992இல் வெளியிட்ட 'பிளாக் லுக்ஸ்' நூலில் மற்றவரை உண்ணுதல் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. ஆதிக்கப் பண்பாடு தன் சலிப்பைப் போக்கிக்கொள்ள மற்றவரின் வேறுபாட்டை எப்படி நுகர்கிறது என்பதை அதில் அவர் ஆராய்கிறார். நுகர்ந்து முடித்த பிறகும் அதிகாரம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அவர் எழுதியது அமெரிக்க வெள்ளைப் பண்பாட்டைப் பற்றி. அவிநாசி ரோட்டில் அதைப் படித்தாலும் பொருள் மாறுவதில்லை.

அந்த எறும்பையே கொஞ்சம் தொடர்ந்து போவோம். தமிழில் அதற்கு முசுறு என்று பெயர். மர இலைகளைச் சேர்த்துப் பின்னிக் கூடு கட்டும், கடித்தால் தீயாய் எரியும். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் பழங்குடிக் குடும்பங்கள் அந்தக் கூட்டை இறக்கித் தண்ணீரில் போட்டு, இலையையும் சருகையும் நீக்கி, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், உப்பு வைத்து அரைக்கிறார்கள். சிமிலிபால் 'காய்' சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. மரமேறிக் கடி வாங்கிக் கூட்டை இறக்குவதும், எறும்பைப் பொறுக்குவதும், அம்மியில் உட்கார்ந்து அரைப்பதும் அந்த வீடுகளின் அன்றாட வேலை. அவர்களுக்கு அது சட்னி. வெளியிலிருந்து ஒருவர் வந்து நின்றதும் அது சாகசமாகிவிடுகிறது.

அதே ஒடிசாவின் பழங்குடி மாவட்டங்களிலிருந்து, ஜார்க்கண்டிலிருந்து, பீகாரிலிருந்து, அசாமிலிருந்து பெண்கள் திருப்பூருக்கு வருகிறார்கள். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஊரிலிருந்து போகிறது. அந்தத் துணியைத் தைக்க ஆள் வேண்டும். 2014இல் தொடங்கிய தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் தையல் பழகிய கிராமத்து இளம்பெண்கள் பலருக்கு முதல் வேலை திருப்பூரிலோ கோவையிலோதான். அதுவே பலருக்கு முதல் ரயில் பயணம், முதல் வெளிமாநிலம். அவர்கள் வருவதும் பயணம்தான். அவர்கள் தின்பதும் அறியாத ஊரின் உணவுதான். இருந்தும் பயணம், உணவு என்ற சொற்களைச் சேர்த்து எழுதப்படும் எதிலும் அவர்கள் இல்லை.

ஓவர்லாக் மிஷினில் வேலை செய்யும் ஒடியா பெண் ஒருத்தியிடம், இங்கே வந்து தின்றதிலேயே ரொம்ப விசித்திரமானது எது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "புளி, அக்கா. டெய்லி புளி" என்றாள். காலையில் சாம்பார், மத்தியானம் சாம்பார், ராத்திரி ரசம். ஊரில் அவளும் புளி தின்றிருக்கிறாள், எப்போதாவது. இங்கே அதிலிருந்து தப்பிக்க வழியில்லை. விடுதி மெஸ்ஸில் என்ன போடுகிறார்களோ அதுதான். பல விடுதிகளில் அறைக்குள் அடுப்பு வைக்க அனுமதி கிடையாது. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் சேர்த்துச் சம்பளத்தில் பிடித்துவிடுகிறார்கள். தின்றாலும் காசு, தின்னாவிட்டாலும் காசு. பெண்கள் விடுதிகள் உரிமம் பெற்று நடக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2014இலேயே சட்டம் வந்துவிட்டது. தட்டில் என்ன விழுகிறது, அதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்பதை யாரும் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை.

காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்பும் ஒன்றரை ஷிப்டில் அவளுக்குக் கிடைக்கும் சுவை ஞாயிற்றுக்கிழமையில்தான் இருக்கிறது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கடை. ஊருக்குள் அங்கங்கே இந்தியிலும் ஒடியாவிலும் பெயர் எழுதிய மளிகைக் கடைகள் வந்துவிட்டன. கடுகெண்ணெய், சத்து மாவு, அவல், பெரிய பெரிய உருளைக்கிழங்கு மூட்டை. கடுகெண்ணெய் வாங்கி அவள் என்ன செய்வாள்? அடுப்புதான் இல்லையே. வேகவைத்த உருளைக்கிழங்கை மெஸ்ஸில் கேட்டு வாங்கி, மசித்து, பச்சை எண்ணெயும் உப்பும் விட்டுப் பிசைந்துகொள்ளலாம். வாரத்தில் ஒரு நாள் அந்தக் காரநெடி மூக்கில் ஏறினால் போதும், ஊருக்குப் போய்வந்த மாதிரி இருக்கும்.

அந்த நெடிதான் இங்கே பிரச்சினையாகவும் ஆகிறது. வடமாநிலத்தவருக்கு வீடு வாடகைக்குக் கொடுப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால், "கடுகெண்ணெய் நாத்தம் குடலைப் புரட்டும்" என்று மூக்கைச் சுளிக்கும் வீட்டுக்காரர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். இதே ஊரிலிருந்து கொல்கத்தாவுக்கு யாவாரமாகப் போகிறவர் அங்கே கடுகெண்ணெயில் பொரித்த மீனைத் தின்றுவிட்டு, "அசல் ருசின்னா இதுதான்" என்று படம் போடுகிறார். எண்ணெய் ஒன்றுதான். தின்பவர் காசு கொடுத்துப் போய்த் தின்றால் அது அனுபவம். கூலிக்கு வந்தவள் நம் வீட்டுக்குப் பக்கத்தில் கொதிக்கவைத்தால் நாத்தம்.

விசித்திரம் என்ற சொல் பல சமயம் நம் மறதியைத்தான் காட்டுகிறது. ஒடிசாவில் சோற்றில் நீரூற்றிப் புளிக்கவைத்துத் தின்பதற்குப் பகாள என்று பெயர். அதற்கென்று மார்ச் 20ஆம் தேதியை ஒரு நாளாகவே கொண்டாடுகிறார்கள். நம் பழைய சோற்றுக்கும் அதற்கும் தொடுகறியில்தான் வித்தியாசம். எறும்புக்கு முகம் சுளிக்கும் கொங்குக் கிராமங்களில் மழை விட்ட அந்தியில் ஈசல் பிடித்து, இறகு உதிர்த்து, பொரியரிசியோடு வறுத்துத் தின்ற பாட்டிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். புறநானூற்றின் 119ஆம் பாட்டில் பாரியின் நாட்டைப் பற்றிப் பேசும் கபிலர் புற்றிலிருந்து வரும் ஈசலையும் புளித்த மோரையும் சேர்த்தே சொல்கிறார். ஈசல் நமக்கு இலக்கியமாக இருக்கலாம், முசுறு அவர்களுக்குச் சட்னியாக இருக்கக்கூடாதா?

சாப்பாட்டுப் பயணம் என்று எதைச் சொல்கிறோம் என்பதையே திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பெண்களில் பெரும்பாலோர் செய்யும் முதல் உணவுப் பயணம் கல்யாணம். மதுரைப் பக்கத்திலிருந்து கொங்கு நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறவள் அரிசிம்பருப்புச் சோறும் கொள்ளுப் பருப்பும் சந்தவையும் ஒப்புட்டும் கற்றுக்கொண்டாக வேண்டும். நல்லெண்ணெய் மணந்த வீட்டிலிருந்து வந்தவள் கடலெண்ணெய்க்குக் கையைப் பழக்க வேண்டும். செலவு ரசத்தில் செலவு என்றால் சாமான் என்பதைக் கேட்டு விழித்த அன்றே, "உங்கம்மா இதுகூடச் சொல்லித் தரலையா" என்ற பேச்சையும் கேட்டிருப்பாள். புகுந்த வீட்டின் ருசி தன் நாக்குக்குப் பிடிக்கிறதா என்று அவளை யாரும் கேட்பதில்லை. அதை அந்த வீட்டு நாக்குகளுக்குப் பிடித்தபடி சமைக்கிறாளா என்பதுதான் தேர்வு. கடைசியில் தின்பவளும் அவள்தான். இத்தனை புதிய உணவுகளைத் தின்ற, கற்ற, சமைத்த ஒருத்தி பயணி என்ற கணக்கில் வரமாட்டாள். மூன்று நாள் விடுமுறையில் வந்து சந்தவை தின்றவர் வருவார்.

இந்த இடத்தில் திருப்பூரிலிருந்தே கிளம்பிய ஒரு காணொளி வரிசையைப் பேசாமல் போக முடியாது. 'வில்லேஜ் ஃபுட் ஃபேக்டரி'. மகன் படம்பிடிக்க, தந்தை 'டாடி' ஆறுமுகம் திறந்தவெளியில் சமைப்பார். கூடை கூடையாகக் கோழிக்கால், முட்டை, ஆட்டுத்தலை, குடல். எனக்கு அதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அங்கே யாரும் வந்து பார்த்து வியப்பதில்லை. சமைத்தவரின் முகம்தான் கேமராவில் இருக்கும். அவர் கழுவுவார், நறுக்குவார், கிளறுவார், கடைசியில் இலை போட்டு உட்கார்ந்து நிதானமாகத் தின்பார். குடலையும் தலையையும் வெட்கப்படாமல், சாகசம் ஆக்காமல், சாப்பாடாகவே காட்டினார். சிம்மர்ன் பாணிக்கு இது நல்ல பதில். சமைப்பவர் தன் உணவுக்குத் தானே சாட்சி.

ஆனால் இந்தப் பாணி பெருகப் பெருக வேறொன்று கண்ணில் பட்டது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தின் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தமிழில் முதன்முதலாக ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது 2021இல். அதே ஆண்டு ஜனவரியில் ராகுல் காந்தி போய் அவர்களோடு காளான் பிரியாணி செய்தார். பெரியவர் ஒருவரும் அவருடைய பேரன்களும்தான் அந்தக் குழு. அத்தனை பேரும் ஆண்கள். கிராமத்துச் சமையல் என்றதும் நம் நினைவுக்கு வர வேண்டியவர்கள் யார்? கிராமத்துச் சமையலின் முகமாக இன்று உலகம் அறிந்திருப்பது யாரை? ஆண் சமைக்கட்டும், நல்லதுதான். ஆனால் அவன் வெட்டவெளியில் பெரிய அண்டாவில் சமைக்கும்போது அது திறமை, வருமானம், புகழ். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய் அதே குழம்பை மூன்று தகர டப்பாக்களில் அடைத்து, ஷிப்டுக்குக் கிளம்புகிறவளின் சமையலுக்குக் கணக்கு கிடையாது.

பனியன் கம்பெனிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சிங்கர் டெய்லரின் பெயரும் கூலியும் எல்லோருக்கும் தெரியும். அவருக்குக் கைமடித்துக் கொடுக்கிறவள், பிசிர் வெட்டுகிறவள், செக்கிங்கில் நின்று கண் பூத்துப்போகிறவள் இல்லாமல் ஒரு பீஸ் பெட்டிக்குள் போகாது. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட 'ஃபிரடெர்னல் கேப்பிடல்' என்ற ஆய்வு நூல், திருப்பூரின் கவுண்டர் முதலாளிகள் தங்கள் வளர்ச்சியை எப்படித் தங்கள் உழைப்பின் கதையாகவே சொல்கிறார்கள் என்று விரிவாக ஆராய்கிறது. உழைத்து மேலே வந்த ஆண் என்பதே அந்தக் கதையின் நாயகன். அவனுடைய உழைப்பு பொய்யில்லை. அவனுக்குப் பக்கத்தில் நின்று உழைத்தவர்களின் உழைப்பு கதைக்குள் வரவில்லை. சமையல் படங்களும் இந்த மண்ணின் பழைய கதையைத்தான் அண்டாவில் போட்டுக் கிளறுகின்றன.

கொங்குச் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்களும் காட்டுகிறவர்களும் தவறாமல் சொல்லும் சொல் கைமணம். ஆத்தா கைமணம், கிராமத்துக் கைமணம், கைப்பக்குவம். எந்தக் கை? 2018 ஜூலையில் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவுச் சமையலராக மாற்றலாகி வந்தார். அவர் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் தின்னக்கூடாது என்று ஆதிக்க சாதியினர் திரண்டு தடுத்தார்கள். அதிகாரிகள் அவரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அந்த உத்தரவு ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அரிசி அரசாங்கத்துடையது, பருப்பு அரசாங்கத்துடையது, முட்டையும் அரசாங்கத்துடையது. எந்த விசித்திரமும் இல்லாத, தமிழ்நாட்டுப் பள்ளிகள் முழுக்கப் பிள்ளைகள் தின்னும் அதே சாதமும் சாம்பாரும். வேண்டாம் என்று தள்ளப்பட்டது அந்தக் கை மட்டும்தான்.

துப்பும் உரிமை என்று நான் சொல்வதன் கோரமான வடிவம் இது. விடுதியில் இருக்கும் பெண்ணால் பிடிக்காத சோற்றை ஒதுக்க முடியாது. புகுந்த வீட்டுக்காரியால் முடியாது. ஆனால் ஓர் ஊரே கூடி ஒரு பெண்ணின் கையை ஒதுக்க முடிந்தது. ருசி பார்க்கும் படங்கள் இந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவதேயில்லை. 'பாரம்பரிய கொங்கு விருந்து' என்று இலையில் பரிமாறிக் காட்டுவது யாருடைய பாரம்பரியம் என்றோ, அந்த இலையில் யாருடைய உணவுக்கு இடமில்லை என்றோ அவை கேட்பதில்லை. மராத்தியில் ஷாஹு பட்டோளே 2015இல் மகார், மாங் சமூகங்களின் உணவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தலித் வீடுகளில் ரத்தமும் குடலும் கொழுப்பும் எப்படி, எதனால் சமையலாயின என்று உள்ளிருந்து சொல்லும் நூல் அது. அங்கே அந்த உணவு விசித்திரமாகத் தெரிவதில்லை. கிடைத்ததை வைத்து வயிற்றையும் ருசியையும் காப்பாற்றிக்கொண்ட அறிவாகத் தெரிகிறது. உள்ளே இருப்பவர் எழுதும்போது ஓர் உணவோடு அதன் காரணங்களும் வந்துவிடுகின்றன. வெளியே இருந்து முதல் வாய் வைப்பவருக்குக் காரணம் தேவைப்படுவதில்லை.

அதனால் பயணம் போகிறவர்கள் போகாமல் இருக்க வேண்டுமா? போகட்டும். எறும்பும் தின்னட்டும், ஈசலும் தின்னட்டும். சாப்பாட்டை மதிப்பிடும் அளவுகோலைக் கொஞ்சம் நீட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான். காரம், புளிப்பு, மணம் எல்லாம் எழுதுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: இதை அரைக்க எவ்வளவு நேரம் ஆனது? அரைத்தவர் எத்தனை மணிக்கு எழுந்தார்? உங்களுக்குப் போட்ட பிறகு அவர் என்ன தின்றார்? அவருக்கு இது பிடிக்குமா? உங்கள் முகம் இருந்த இடத்தில் ஒரு நிமிடம் அவர் முகம் இருக்கட்டும். ருசி பார்ப்பவரைப் பற்றிய ருசி பார்க்கப்படுபவரின் மதிப்பீடு இன்னும் தமிழில் வரவில்லை என்பது சின்னக் குறை இல்லை.

நான் படிக்க ஆசைப்படும் உணவுப் பயண நூல் ஒன்று இருக்கிறது. அதை ஒரு கம்பெனி விடுதியின் மேல்படுக்கையில் இருப்பவள் எழுத வேண்டும். ஒடியாவிலோ சந்தாலியிலோ எழுதட்டும், நாம் மொழிபெயர்த்துக்கொள்வோம். அதில் இட்லி எப்படி நாக்கில் ஒட்டியது, முதல் மாதம் முழுக்க வயிறு எப்படி எரிந்தது, முருங்கைக்காயை மெல்வதா துப்புவதா என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவளை எப்படிப் பார்த்தாள், எந்த நாளிலிருந்து ரசம் பிடித்துப்போனது என்பதெல்லாம் இருக்கும். நமக்கு உயிரான சாம்பார் அந்த நூலில் விசித்திர உணவு என்ற தலைப்பின் கீழ் வரும். அதைப் படித்து நமக்குச் சுருக்கென்றால், இத்தனை நாள் மற்றவர் தட்டைப் பற்றி நாம் எழுதியதும் எங்கோ ஒருவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.